வலது பக்கம் இருந்த நிறங்கள்

கண்ணு, பெயிண்ட் வேலை ஒரு வழியாக முடிந்துவிட்டது. சண்முகம் நேற்று சாயங்காலம் ஏணியையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தரையில் சொட்டியிருந்ததைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டி என் விரல் நுனியெல்லாம் எரிகிறது. உங்கப்பா மத்தியானச் சாப்பாடு முடிந்து தூங்குகிறார். இந்த நேரத்தில் நானும் சற்றுப் படுத்தால்தான் சாயங்காலம் வரை உடம்பு ஓடும். ஆனாலும் உனக்கு எழுதிவிட்டுத்தான் படுப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் அப்பா பேச்சு வந்த உடனே "செரிம்மா, மீட்டிங் இருக்கு, அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இப்போது படிக்க மனமில்லை என்றால் மடித்து வைத்திரு, ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் படித்துவிடு. என்ன நிறம் அடித்தோம் என்று நீயும் மேகாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

நீ அன்றைக்குக் கூப்பிட்டபோது நான் அப்பாவின் படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் பெங்களூரிலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்கிறோம், பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள் என்றாய். "நீ அப்பாவ விட்டுட்டு வரவேண்டாம்மா, சிரமப்படாத" என்றாய். ஈரக் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். ஒரே மகன் தன் கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்று சொன்னால் பெற்றவளுக்கு அழுகை வரவேண்டும். எனக்கு வரவில்லை, சாமி. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. "செரி" என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகுதான் நீ பெயிண்ட் பேச்சை எடுத்தாய். அப்பா படுத்திருக்கிற அறை பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது, சுவரெல்லாம் ஈரம் ஊறிப் பொரிந்து கிடக்கிறது, எங்கள் கல்யாணத்துக்கு உங்களுக்கு நாங்கள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். புடவை எடுத்துத் தருகிற மகனைப் பார்த்திருக்கிறேன். சுவருக்கு நிறம் எடுத்துத் தருகிற மகன் நீதான்.

மறுநாள் படங்கள் வர ஆரம்பித்தன. வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, மண்ணும் இல்லை, எல்லாம் நடுவாந்தரமாக ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. எனக்கு எல்லாமே டீயில் நனைத்த ரொட்டிபோலத்தான் தெரிந்தது. மேகா ஒரு குரல் பதிவு அனுப்பினாள். "ஆன்ட்டி, இது கொஞ்சம் வார்ம். அது கொஞ்சம் கிரே கலந்தது. எங்களுக்கு அது பிடிச்சுது. ஆனா நீங்க சுவத்துல போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று தட்டுத் தடுமாறிய தமிழில் பேசியிருந்தாள். நம் பாஷை தெரியாத மராத்திப் பெண் என்றுதான் இத்தனை நாளும் அவளைப் பற்றிக் கேட்டிருந்தேன். குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நல்ல குரல், கண்ணு. அதை அன்றே உன்னிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது, மறந்துபோனேன்.

நிறம் பார்ப்பதில் நம் வீடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். உங்கப்பா எதையும் இரண்டாவதாகப் பார்க்காத மனுஷர். கடைக்குப் போனால் முதலில் எடுத்துப் போடுகிற வேட்டிதான் அவருக்கு வேட்டி. நீ அதற்கு நேர் எதிர். ஒன்பதாம் வகுப்பில் ஒரு கைக்கடிகாரம் வாங்க கிராஸ் கட் ரோட்டில் ஏறி இறங்காத கடை இல்லை. நீ ஒப்பிட்டுப் பார்த்து முடிப்பதற்குள் உனக்குப் பிடித்ததை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பஸ்ஸில் வரும்போது உன்னோடு பேசவே இல்லை, நீயும் பேசவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நான் வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். அதேபோலத்தான் பிறகும் பல வருஷங்கள் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வீடு கட்டி முடித்தபோது சமையலறைக்கு அவர் அடித்த நிறம் உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது கைக்குழந்தை. கணபதியில் இருந்த நம் ஒர்க்ஷாப்பில் லேத் மிஷின்களுக்கு அடித்ததுபோக ஒரு டின் பச்சை மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுவந்து சமையலறையின் நாலு சுவருக்கும் அடித்துவிட்டார். ஆயில் பெயிண்ட், தாளிக்கிற எண்ணெய் தெறித்தால் துடைத்துவிடலாம், நல்லதுதானே என்றார். அவர் சொன்னது சரிதான், துடைக்க முடிந்தது. ஆனால் நான் மிஷினுக்குள் நின்று சமைப்பதுபோல இருக்கும். சாதமே பச்சையாகத் தெரியும். இரண்டு மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் வேறு எதற்கோ வந்த சண்டையில் அந்தப் பச்சையையும் சேர்த்துக் கொட்டினேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏன் அம்மிணி, அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன்ல?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன், அதனால் சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் பெயிண்ட் காய்வதற்குள் சொல்லிவிடு. மேகாவையும் சொல்லவிடு. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதே. நம் வீட்டு ஆண்களுக்கு முகம் பார்த்துப் படிக்கிற பழக்கம் இல்லை.

இனி நீ கேட்க விரும்பாத பேச்சுக்கு வருகிறேன். மேகாவைப் பற்றி நீ சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் இருந்தது. அதை மறைத்து உனக்கு நல்ல வார்த்தை எழுதமாட்டேன். வேறு ஊர், வேறு பாஷை, வேறு சாதி, சொந்தபந்தத்தில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது என்றார். "இன்னொருக்கா அந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காத" என்றார். நான் எடுக்கவில்லை. ஆனால் அதனால்தான் விழுந்தார் என்று நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயே, அது தப்பு. அவர் பிரஷர் மாத்திரையைச் சாப்பிடுவதைப் பல மாதமாக விட்டிருந்தார். தலை சுற்றல் வருகிறது என்று தானாகவே நிறுத்தியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. கோபத்தோடு இருந்த மனுஷருக்குப் பக்கவாதம் வந்தது. கோபத்தால் வரவில்லை. இதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், நீ காதில் வாங்கவில்லை. எழுத்தில் இருந்தால் வாங்குவாயோ என்று பார்க்கிறேன்.

வலது கையும் காலும் போய், பேச்சும் போய், ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நீ வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மரத்துக் கிடந்த அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான் வந்திருக்கேன்ப்பா, இங்க பாருங்கப்பா" என்றாய். அவர் முகத்தை இடது பக்கச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். அவர் சுவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். நீ எழுந்து போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுததும் எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எட்டு மாதமாக நீ வரவில்லை. வா என்று நானும் கட்டாயப்படுத்தவில்லை. வந்து மறுபடியும் அதே முதுகைத்தானே பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

உனக்கு மட்டும் நடந்ததில்லை அது. காங்கேயத்திலிருந்து உன் அத்தை வந்தாள், அதே நாற்காலியில் உட்கார்ந்தாள், அவளுக்கும் அதேதான். "அண்ணன் என்னைய ஏறெடுத்தும் பாக்கலீங் அண்ணி, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று சமையலறையில் வந்து மூக்கைச் சிந்தினாள். எனக்கும்தான். பிசியோதெரபி செய்கிறவர் வலது கையைத்தான் நீவிவிடச் சொல்லியிருந்தார், அதனால் நான் எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவேன். ஊட்டுவதும் அங்கிருந்துதான். கட்டிலின் இடது பக்கம் சுவரோடு ஒட்டி இருந்ததால் வேறு பக்கமும் இல்லை. வாயைத் திறப்பார், விழுங்குவார், கண் மட்டும் சுவரை விட்டு நகராது. முதலில் பேசிப் பேசிப் பார்த்தேன். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு ஊட்ட ஆரம்பித்தேன். என்னையும் வேண்டாம் என்று வைத்துவிட்டார், ஏதோ உயிர் இருக்கிறது, சாப்பிடுகிறார், அவ்வளவுதான் என்று எனக்குள் ஒரு கதவைச் சாத்திவிட்டேன். ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஒருவருக்கு எல்லாமும் செய்துகொண்டே, அவருக்கு நம் முகம்கூட வேண்டாம் என்று நம்பிக்கொண்டே நாளைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று உனக்கு விவரித்துச் சொல்ல இப்போது எனக்குத் தெம்பில்லை.

இந்த நிலைமையில்தான் உன் பெயிண்ட் வந்தது. ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் தோன்றியது, மனுஷர் நாள் முழுக்கப் பார்ப்பது சுவரைத்தான், அந்தச் சுவராவது நன்றாக இருக்கட்டும் என்று. வந்த படங்களில் மூன்றைச் சண்முகத்திடம் காட்டினால், தன்னிடம் இருந்த ஒன்றையும் சேர்த்து நாலாக்கிவிட்டு அவர் சிரித்தார். "அக்கா, நாலும் ஒண்ணுதானுங்க. ரெண்டு கோட் அடிச்சுக் காஞ்சா எல்லாம் பிஸ்கட்டுதான். ஏதாவது ஒண்ணச் சொல்லிப்போடுங்க, நான் வேலயப் பாக்கறேன்" என்றார்.

"இல்லீங் சண்முகம், அவரு பாத்துட்டே கெடக்கற செவுருங்க. நாலையும் பட்ட போட்டுக் காட்டுங்க. நான் பாத்துச் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே, கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே இருக்கும் சுவரில் இடமிருந்து வலமாக நாலு பட்டை அடித்தார். ஒவ்வொன்றும் ஒரு தாம்பாளம் அகலம். இடது ஓரத்தில் ஐவரி, அடுத்தது பிஸ்கட், அதற்கடுத்தது வேறு வீட்டில் அடித்து மிஞ்சியது என்று அவரே கொண்டுவந்த சந்தனம், வலது ஓரத்தில் நீங்கள் இருவரும் தேர்ந்தெடுத்தது.

அப்போதுதான் எனக்கு இந்த நிறங்களின் குணம் தெரிய ஆரம்பித்தது. காப்பி கொடுக்கும்போது ஒரு தடவை, மத்தியானம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது ஒரு தடவை, விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவை பார்ப்பேன். ஐவரி காலை வெயிலில் வெண்ணெய் மாதிரி இருந்தது, ட்யூப்லைட்டில் சீக்காளி முகம்போல வெளிறிப்போனது. பிஸ்கட் பகல் முழுக்க அடக்கமாக இருந்துவிட்டுச் சாயங்காலம் ஆனதும் லேசாக ரோஸ் அடித்தது. சந்தனம் காலையில் கொஞ்சம் மஞ்சளாக முழித்துக்கொண்டு நின்றது, பொழுது சாயச் சாய அடங்கி, பழைய தந்தச் சீப்பின் நிறத்துக்கு வந்தது. உங்களுடையது பகலில் நாலிலும் அழகு, மழை பெய்து ஓய்ந்த மணல்மாதிரி. ஆனால் ட்யூப்லைட் போட்டால் அதற்குள்ளிருந்து ஒரு பச்சை எட்டிப் பார்த்தது, பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர்போல. போனில் பார்த்தபோது அந்தப் பச்சை எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. ஒரே நிறம் என்று நினைத்த நாலும் மூன்று நாளில் நாலு ஆட்களாகிவிட்டன. சலிப்பாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு மருந்து, மலம், சளி தவிர வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் கேட்கவேண்டும் என்று ஆசை வந்தது. அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை என்று உனக்குத் தெரியும். "ஏனுங்க, அந்த மொதல் பட்ட புடிச்சிருக்குதுங்களா?" என்றேன். "செரி" என்றார். "அதுக்குப் பக்கத்துல இருக்கறது?" "செரி." "ரெண்டுல எது வேணும்?" "செரி." அதனால் வாயை விட்டுவிட்டு, நன்றாக இருக்கிற இடது கையால் காட்டச் சொன்னேன். ஐவரியைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் பிஸ்கட்டைக் காட்டினார். மறுநாளும் இந்த இரண்டும்தான். சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று உன்னுடையதைத் தட்டிக் காட்டி, "இதப் பாருங்க, உங்க பையன் எடுத்தது, இதப் பாருங்க" என்றேன். அவர் கண் பிஸ்கட்டைத் தாண்டி வரவே இல்லை. நான் குரலை உயர்த்தினேன், சண்முகம்கூட வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. உன் பேரைச் சொன்னதால்தான் இந்த வீம்பு என்று எனக்குள் என்னவோ அறுந்துபோனது. சாகக் கிடக்கும்போதும் இந்த மனுஷருக்கு இறங்கிவரத் தெரியாதா என்று நினைத்தேன். உனக்குப் போன் செய்து, ஐவரியையே அடித்துவிடலாம், அப்பாவுக்கு உங்கள் நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல நம்பரைக்கூட எடுத்தேன். எதற்கு உன்னை மேலும் நோகடிப்பது என்று வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் இடது பக்கச் சுவரைச் சுரண்டிப் பட்டி பூசிச் சமப்படுத்தவேண்டும் என்றார் சண்முகம். ஈரம் முழுக்க அங்கேதான். கட்டிலை அவரும் நானுமாக அப்பாவோடு சேர்த்தே உருட்டி, அறையின் மறுகோடிக்கு, வலது பக்கச் சுவரை ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டோம். தலைமாடு மாறவில்லை, பக்கம் மட்டும் மாறியது. இப்போது அவருடைய வலது பக்கம் சுவர், இடது பக்கம் முழு அறையும். தூசி படக்கூடாது என்று அவர் முகத்துக்கு ஒரு துண்டைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போய்விட்டேன். சண்முகம் டீ குடிக்க வெளியே போனதும், காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். வலது பக்கம் நாற்காலி போட இடமில்லை. அதனால் சுற்றிக்கொண்டு இடது பக்கமாக வந்து துண்டை எடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார், கண்ணு.

சும்மா கண் பட்டதில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். புருவம் இரண்டும் மேலே ஏறின. இடது கை எழும்பி வந்து என் முழங்கையைப் பிடித்தது. "செரி, செரி, செரி" என்று அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார். இவ்வளவு நாளாக நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டாரோ என்னவோ. நான் காப்பியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. மெதுவாகக் கட்டிலின் தலைமாட்டைச் சுற்றி அவருடைய வலது பக்கமாகப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் தலையை நீட்டி, "ஏனுங்க" என்றேன். குரல் வந்த திசை தெரியாமல், நான் விட்டுவிட்டு வந்த இடது பக்கத்தில் என்னைத் தேடினார். மறுபடியும் இடது பக்கம் வந்தேன், மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டில் இன்னும் தெளிந்தது. சில நாள் ஸ்பூனை இடது கையில் கொடுத்தால் தானே சாப்பிடுவார், ஆனால் எப்போதும் பாதித் தட்டு அப்படியே மிஞ்சும். பசி இல்லை என்று எடுத்துவிடுவேன். அன்றைக்குப் பார்த்தேன், மிஞ்சியது முழுக்கத் தட்டின் வலது பாதி, கோடு போட்டதுபோல. தட்டை அப்படியே திருப்பி வைத்தேன். புதிதாகச் சாப்பாடு வந்ததுபோல மிச்சத்தையும் சாப்பிட்டார். இத்தனை மாதமும் பாதி வயிற்றோடுதான் படுத்திருக்கிறார். நான் கொல்லையில் போய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டேன். உன் போன் வந்த அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது.

இரண்டு நாள் கழித்து வண்டி வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மா அவர் எதிரே உட்கார்ந்து, விரலை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. மூளையில அடிபட்ட எடத்தால வலது பக்கம் அவருக்குத் தெரியறதில்லைங்க. அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு ஞாபகத்துல வர்றதில்ல" என்றார்.

"குரல் கேக்குமில்லீங்களா? கூப்பிட்டா ஏனுங்க திரும்பமாட்டேங்கறாரு?"

"கேக்குமுங்க. எங்கிருந்து வருதுன்னு தேடத் தெரியலைங்க. தேடுனா தெரியற பக்கந்தான் தேடுவாரு."

"அப்ப அது கோவம் இல்லீங்களா?" என்று கேட்டேன். டாக்டருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று புரியவில்லை. "கோவமா? இல்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, இடது பக்கம் நின்றே எல்லாம் செய்யுங்கள், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் தலையைத் திருப்பப் பழக்குங்கள் என்றார். முழுசாகச் சரியாகும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே இதையும் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொன்ன நூறு விஷயத்தில் பாதி என் மண்டையில் ஏறவில்லை.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். கட்டில் இடம் மாறிய பிறகு நாலு பட்டையும் அவர் கண்ணுக்குள் வந்துவிட்டன. வீட்டுக்கு வந்ததும் திரும்பவும் கேட்டேன். ஐவரியைப் பார்த்தார், பிஸ்கட்டைப் பார்த்தார், சந்தனத்தில் கொஞ்ச நேரம் நின்றார், கடைசியில் உன்னுடையதற்கு வந்தார். அதை வெகுநேரம் பார்த்தார். "உங்க பையனும் அந்தப் புள்ளயும் சேந்து எடுத்ததுங்க" என்றேன். புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கீழுதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் செரி, செரி என்று சொன்ன மனுஷர் வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் உன் நிறம்தான், கண்ணு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்முகமும் சிரித்தார். கையை நீட்டிச் சந்தனத்தைக் காட்டினார். மறுநாள் காலையில் கேட்டேன், சாயங்காலமும் கேட்டேன், சந்தனம்தான். எதையும் இரண்டாவதாகப் பார்க்காத மனுஷர், நாலையும் பார்த்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். ஆகவே அறைக்குச் சந்தனம் அடித்தாகிவிட்டது. ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்ச பல்பு போடச் சொன்னேன். காலையில் இன்னும் கொஞ்சம் முழிக்கத்தான் செய்கிறது, பழகிவிடும். உங்கள் நிறத்தை ஹாலுக்கு அடித்திருக்கிறேன், அங்கே பகல் வெளிச்சம் நிறைய, பச்சை தெரியவில்லை. மேகாவிடம் சொல், அவள் தேர்வு வீணாகவில்லை என்று. ஆனால் அப்பா அறையில் அது தோற்றுவிட்டது. நியாயமாகத் தோற்றது. பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார். நான் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தது பார்க்காமலேயே தள்ளிவிட்டார் என்று.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான். அப்படி எழுதமாட்டேன். அவருக்குப் பேச்சு வரவில்லை, வருமா என்றும் தெரியாது. என் இடுப்பு வலி குறையவில்லை. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருப்பதும் நிற்கவில்லை. மேகாவைப் பற்றி அவருக்குள் என்ன இருக்கிறது, அந்தப் பழைய கோபம் அப்படியே இருக்கிறதா, நோயோடு சேர்ந்து அதுவும் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. உன் படத்தைப் போனில் இடது பக்கம் பிடித்துக் காட்டினேன். "செரி" என்றார். அதற்கு நான் அர்த்தம் சொல்லப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு நீ வந்து கையைப் பிடித்து அழுதபோது அவர் உன்னைத் தேடித்தான் அந்தப் பக்கம் திரும்பினார். உன் குரலைக் கேட்டுவிட்டு, நீ இல்லாத பக்கத்தில் உன்னைத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். நீ எழுந்து போன பிறகும் வெகுநேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதுவும் அதுதான். உன் அத்தைக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். நாளைக்குக் காலை பஸ்ஸில் வாரேன் என்று அப்புறம் செய்தி அனுப்பினாள்.

நீயும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை வா. மேகாவையும் கூட்டிக்கொண்டு வா. நாற்காலியை இப்போது இடது பக்கம் போட்டிருக்கிறேன். இரண்டு பேரும் அவர் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள். உன்னைப் பார்த்துக் கையைப் பிடிக்கலாம். அவளைப் பார்த்து, உன் நிறத்துக்குச் செய்ததுபோல உதட்டைப் பிதுக்கவும் பிதுக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் செய்யலாம். அப்படித் திருப்பிக்கொண்டால் அது கோபம்தான் என்று நானே உன்னிடம் சொல்லிவிடுகிறேன், நாம் அதோடு சேர்ந்து இருக்கப் பழகிக்கொள்வோம். முதலில் அவர் பார்க்கட்டும், சாமி.